பவர் டேபிளை விட்டு எழுந்தபின்: திருப்பூர் வட்டாரத்தில் பணி ஓய்வும் கிறிஸ்தவ நோக்கும்

1. கேள்வியின் இடம்

ஓய்வுக்காலத்தின் நோக்கம் பற்றிப் பேசும் கிறிஸ்தவ நூல்கள், வாசகருக்கு ஓய்வு என்று ஒன்று ஏற்கெனவே கிடைத்திருக்கிறது என்பதைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன. ஒரு தேதி, ஒரு வழியனுப்பு விழா, ஒரு சால்வை, மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழும் பென்ஷன். பிறகு கை நிறைய நேரம். அந்த நேரத்தை ஆண்டவருக்கு உகந்தபடி எப்படிச் செலவிடுவது என்பதே அந்நூல்களின் கவலை.

திருப்பூர், அவிநாசி, பல்லடம், சோமனூர் என நீளும் பனியன், விசைத்தறி வட்டாரத்தில் பெரும்பாலோருக்கு அந்தத் தேதி வருவதில்லை. கண் மங்கினால் பவர் டேபிளில், அதாவது மின் தையல் மேசையில், பீஸ் குறையும். பீஸ் குறைந்தால் சனிக்கிழமைச் சம்பளம் குறையும். ஒன்றரை ஷிப்ட் உட்கார இடுப்பு ஒத்துழைக்காது. ஒரு தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரமாட்டார். அல்லது டெய்லராக இருந்தவர் செக்கிங்குக்கும், பிறகு பிசிர் வெட்டுவதற்கும், கடைசியில் கம்பெனி கேட்டில் இரவுக் காவலுக்கும் படிப்படியாக இறங்குவார். தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர் ஊருக்கே திரும்பிவிடுவார். எப்போது ஓய்வுபெற்றீர்கள் என்று கேட்டால் அவரால் ஆண்டு சொல்ல முடியாது.

இவரிடம் ஓய்வுக்கால நோக்கம் பற்றித் திருச்சபை என்ன பேச முடியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பென்ஷன் வாங்கும் ஆசிரியருக்கும் வங்கி அலுவலருக்கும் எழுதிய பதிலை இவரிடம் நீட்டினால் அது ஒட்டாது. ஒட்டக்கூடிய பதில் வேதாகமத்தில் இருக்கிறது, ஆனால் அதிகம் பிரசங்கிக்கப்படாத பகுதிகளில் இருக்கிறது. இதுவே என் வாதம்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

வயதை எல்லையாக வைத்து உழைப்பை முடிக்கும் அரசு ஏற்பாடு பழையதல்ல. ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சிக்காலத்தில் 1889-இல் வந்த முதுமைக் காப்பீட்டுச் சட்டம் 70 வயதை எல்லையாக வைத்தது; 1916-இல் அது 65 ஆனது. பிரிட்டன் 1908-இல் 70 வயதினருக்கு ஓய்வூதியம் கொடுத்தது. பணி ஓய்வு பற்றிய இறையியல் அதனால் மிக இளைய துறை. ஜான் பைப்பர் 2009-இலும், ஜே. ஐ. பேக்கர் 2014-இலும், பால் ஸ்டீவன்ஸ் 2016-இலும் எழுதிய சிறு நூல்கள் ஆங்கிலச் சபைகளில் பரவலாகப் படிக்கப்பட்டன. மூவருக்கும் நடையும் அழுத்தமும் வேறு. ஆனாலும் அழைப்புக்கு ஓய்வு வயது கிடையாது, கோல்ஃப் மைதானத்திலும் கடற்கரையிலும் கடைசிக் காலத்தைக் கரைத்துவிடாதீர்கள் என்ற எச்சரிக்கையை மூவரிடமும் கேட்கலாம். தம் எண்பதுகளின் பிற்பகுதியில் அதை எழுதிய பேக்கருக்கு அப்படிச் சொல்லும் தகுதி இருந்தது.

தமிழ்ப் பிரசங்க மேடையில் இதே கருத்து மோசேயையும் காலேபையும் துணைக்கு அழைக்கிறது. மோசே பார்வோனிடம் பேசப் போனது 80 வயதில். காலேப் 85 வயதில் மலைநாட்டைக் கேட்டு வாங்கினான். மூத்தோர் ஞாயிறு என்றால் இந்த இருவரும் தவறாமல் வந்துவிடுவார்கள்.

கத்தோலிக்க மரபு சற்று வேறு பாதையில் போகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட உழைப்பு பற்றிய சுற்றுமடல், முதுமைக்கால ஓய்வூதியத்தையும் காப்பீட்டையும் தொழிலாளியின் உரிமைகளில் சேர்க்கிறது. 1999-இல் அவரே முதியோருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அப்போது அவருக்கு 79 வயது; உடல் நடுக்கம் உலகறிந்தது. 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ், தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளை, சுவக்கீன், அன்னா திருநாளை ஒட்டிய ஜூலை ஞாயிறில் நிறுவினார். இங்கே உரிமையும் பேசப்படுகிறது, பலவீனத்துக்கும் இடம் இருக்கிறது.

முதல் மரபில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. உழைப்பே ஒருவரின் மதிப்புக்குச் சான்று என்ற மனநிலையைச் சீர்திருத்தச் சபை மரபோடு இணைத்து மாக்ஸ் வெபர் எழுதி நூறாண்டு தாண்டிவிட்டது. அவருடைய வரலாற்று விளக்கத்தை ஏற்காதவர் பலர். ஆனாலும் ‘ஆண்டவருக்கு உழைப்பதில் ஓய்வில்லை’ என்ற அறிவுரை அந்த மனநிலையைத் தொடுவதே இல்லை. முதலாளியை மட்டும் மாற்றிவிட்டு ஷிப்டை நீட்டிக்கிறது.

3. உழைப்பின் ஊரும் அதன் கணக்கும்

திருப்பூரில் இந்த அறிவுரை இரட்டிப்பாக ஒலிக்கும். ஏனென்றால் இந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லும் கதையே உழைப்பின் கதை. ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட ஆய்வு நூல், விவசாயப் பின்னணியிலிருந்து தொழிலாளியாக வந்து முதலாளியாக உயர்ந்த கவுண்டர்கள் தம் உயர்வுக்குக் காரணமாக உழைப்பையே சொல்வதை விரிவாக ஆராய்கிறது. மூலதனம், சாதி உறவு, நிலம், மாமனார் வீட்டு உதவி எல்லாம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். முதலாளி சொன்ன கதையைத் தொழிலாளியும் நம்புகிறார். அதனால் மேலே வராதவர் தன் உழைப்பில்தான் ஏதோ குறை என்று எண்ணிக்கொள்கிறார். அறுபது வயதில் கை தளரும்போது அந்த எண்ணம் இன்னும் கசப்பாகிறது.

1978-இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததிலிருந்து ஊரின் ஏற்றுமதி வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். 1984-இல் பஞ்சப்படிக்காகத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணைப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டு ஊர் நிலைகுலைந்தது, பிறகு எழுந்தது. இன்று பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. எண்பதுகளில் கைமடி உதவியாளாகச் சேர்ந்த சிறுவர்களும், தொண்ணூறுகளில் செக்கிங்குக்கு வந்த இளம்பெண்களும் இப்போது ஐம்பதைக் கடந்தவர்கள் அல்லது அறுபதைத் தொடுபவர்கள். ஏற்றுமதித் திருப்பூரின் முதல் முழுத் தலைமுறை இப்போதுதான் முதுமைக்குள் நுழைகிறது.

அவர்கள் கையில் என்ன இருக்கிறது? வருங்கால வைப்புநிதி 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்கு உரியது. ஜாப் வொர்க் எடுக்கும் சிறு யூனிட் பல அந்த எண்ணிக்கைக்குக் கீழேயே நின்றுகொள்ளும். 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டப்படி 58 வயதில் பென்ஷன் பெற 10 ஆண்டுப் பணி வேண்டும். பீஸ் ரேட் நல்லதாகக் கிடைக்கும் கம்பெனிக்குத் தாவுவது இங்கே தொழிலாளியின் ஒரே பேரம் பேசும் ஆயுதம். தாவும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடுவது பழக்கம். மகள் திருமணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் வேறு வழி இல்லை. பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்தவுடன் பணி ஆண்டுக் கணக்கு மீண்டும் தொடக்கத்துக்குப் போய்விடும். 15 ஆண்டு விடாமல் பதிவில் இருந்தவருக்கு, 2014-இல் நிர்ணயித்த உச்சவரம்பான 15,000 ரூபாயையே சம்பளமாக வைத்துக் கணக்கிட்டாலும், 15,000-ஐ 15-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 3,214 ரூபாய் வருகிறது. அதே 2014-இல் குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்றாயிற்று. பணிக்கொடைச் சட்டம் கேட்ட ஐந்தாண்டுத் தொடர்பணி, கான்ட்ராக்டர் மூலம் வேலைக்குப் போனவருக்குக் காகிதத்தில் நிரூபிக்க முடியாத ஒன்று. மிச்சம் இருப்பது அரசின் முதியோர் உதவித்தொகை. 1962-இல் 20 ரூபாயில் தொடங்கியது, 2023-இல் 1,200 ரூபாய் ஆயிற்று.

இந்தக் கணக்கை இறையியல் கட்டுரையில் எழுதுவது பொருத்தமா என்று கேட்பவர்கள் உண்டு. கூலியைச் சூரியன் மறையுமுன் கொடு என்ற உபாகமக் கட்டளையும், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்ற யாக்கோபின் கண்டனமும் இறையியல் என்றால் இதுவும் இறையியல்தான். பிடித்தம் செய்து கட்டாமல் விட்ட வைப்புநிதி, தாமதிக்கப்பட்ட கூலியே.

4. எழுதுகோல் பிடித்தவர்களின் முதுமை

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் பணி ஓய்வு கனிதந்த வாழ்வுகள் குறைவில்லை. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1872-இல் வேலையை விட்டார். மேலதிகாரியோடு ஏற்பட்ட முரண்பாடு காரணம் என்பர். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வந்தது, சுகுணசுந்தரி 1887-இல். இடையில் 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைக் கொடுத்துக் கஞ்சி ஊற்றினார். நீதிமன்ற நாற்காலி போயிருக்காவிட்டால் நாவல் வந்திருக்குமா என்று யோசிக்கத் தோன்றுகிறது. எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் நூலாக வெளிவந்த 1894-இல் அவருக்கு 67 வயது. உதகமண்டலத்திலும் பெங்களூரிலும் பள்ளி நடத்திவிட்டு இங்கிலாந்து திரும்பிய ஜி. யு. போப், 1886-இல் திருக்குறளையும், 1893-இல் நாலடியாரையும், 80 வயது நிறைந்த 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். பெரிய வேலை ஒன்று கையில் இருந்தால் அது முடியும்வரை ஆயுளும் நீளும் என்ற பொருளில் ஆக்ஸ்போர்டு அறிஞர் ஜோவெட் தம்மை ஊக்கப்படுத்தியதைத் திருவாசக முன்னுரையில் அவர் நினைவுகூர்கிறார்.

சென்னைப் பேராயர் லெஸ்லி நியூபிகின் 1974-இல் ஓய்வுபெற்று, மனைவி ஹெலனோடு உள்ளூர்ப் பேருந்துகளில் ஏறி இறங்கி இங்கிலாந்துவரை தரைவழியே போனார். எழுபதை ஒட்டிய வயதில் பர்மிங்ஹாமில் சிறைச்சாலைக்கு அருகே வறிய பகுதி ஒன்றில், மூடிவிடலாம் என்ற நிலையில் இருந்த சிறு சபைக்கு ஆயராகப் பொறுப்பேற்றார். அவருடைய முக்கிய நூல்கள் பல அதற்குப் பிறகு வந்தவை.

இவர்கள் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் திருப்பூர் தொழிலாளிக்கு இவர்கள் எடுத்துக்காட்டு ஆகமாட்டார்கள். நால்வரும் தேர்ந்த தொழில் மொழியும் சிந்தனையும் சார்ந்தது, அது வயதோடு கூர்மையாகலாம். ஓவர்லாக் ஓட்டியவரின் தொழிலில் முதலில் ஓய்வு கேட்பது கண். எழுபது வயதில் அவருடைய திறமை முதிர்வதில்லை, கழன்றுவிடுகிறது. சபைகளிலும் இதே பிரிவு தெரிகிறது. பென்ஷன் வாங்கும் ஆசிரியர், ரயில்வே ஊழியர், வங்கி மேலாளர் ஆகியோர் ஓய்வுபெற்ற மறுமாதமே சேகரக் குழுவிலும் பள்ளித் தாளாளர் பொறுப்பிலும் கட்டடக் கமிட்டியிலும் அமர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நோக்கம் தேடித்தரும் பிரசங்கமே தேவையில்லை. முப்பதாண்டு காணிக்கை போட்ட பனியன் தொழிலாளி, அதே ஓய்வில், பின்வரிசைக்குப் போகிறார்.

5. லேவியரின் ஐம்பது வயது

வேதாகமத்தில் வயதைச் சொல்லிப் பணியை நிறுத்தச் சொல்லும் இடம் ஏறக்குறைய ஒன்றே ஒன்று: எண்ணாகமம் எட்டாம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள். லேவியர் 25 வயதில் ஆசரிப்புக் கூடாரப் பணிக்கு வரவேண்டும். 50 வயதில் அந்த ஊழியத்தை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு சகோதரரோடு கூடாரத்தில் காவல் காக்கலாம், பழைய வேலையைச் செய்யக்கூடாது. நான்காம் அதிகாரம் தொடக்க வயதை 30 என்கிறது. இந்த முரண்பாட்டைப் பற்றி உரையாசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். முடிவு வயதில் இரண்டு அதிகாரங்களும் ஒத்துப்போகின்றன.

ஏன் ஐம்பது? காரணம் அதே நூலில் பக்கத்திலேயே இருக்கிறது. லேவியரில் கோகாத் வம்சத்தாருக்கு வண்டிகள் கொடுக்கப்படவில்லை. பரிசுத்தப் பொருள்களை அவர்கள் தோளில் சுமக்கவேண்டும் என்று ஏழாம் அதிகாரம் சொல்கிறது. வயது வரம்பு சுமைதூக்குவோரின் முதுகைக் கருதி வைத்த வரம்பு என்று படிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆரோனின் மகன்களான ஆசாரியருக்கு இப்படி ஒரு மேல்வரம்பு விதிக்கப்படவில்லை. உடலால் உழைப்பவருக்கு வரம்பு, பீடத்தில் நிற்பவருக்கு இல்லை! தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர்களின் ஓய்வு வயதை உயர்த்தும் சட்டத்திருத்தம் சென்னை உயர் நீதிமன்றம்வரை போன காலத்தில் இந்தப் பகுதியை யாராவது சத்தமாக வாசித்திருக்கலாம்.

இந்த ஏற்பாட்டில் மூன்று செய்திகள் பின்னிக்கிடக்கின்றன. சுமையிலிருந்து விடுதலை கட்டாயம். நிறுத்தவேண்டும் என்பது அறிவுரையாக வரவில்லை, ஆணையாக வருகிறது. இடம் பறிக்கப்படவில்லை; ஐம்பது தாண்டியவர் அதே வாசலில், அதே சகோதரரோடு நிற்கிறார். பதினெட்டாம் அதிகாரம் லேவியருக்கு ஒதுக்கும் பத்தில் ஒரு பங்கு கோத்திரம் முழுவதற்கும் உரியது. ஐம்பதைத் தாண்டியவருக்கு அது நின்றுவிடும் என்று எங்கும் இல்லை. திருப்பூரில் இந்த மூன்றும் தலைகீழ். சுமை இறங்குவதில்லை, இடம் போய்விடுகிறது, பங்கு நின்றுவிடுகிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. காவல் காக்கும் வேலையும் வேலைதானே, கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்காரும் முதியவர் லேவியரின் நவீன வடிவம் என்று ஒரு முதலாளி சொல்லக்கூடும். வேறுபாடு எளிது. வாட்ச்மேன் பன்னிரண்டு மணிநேரம் விழித்தால்தான் சாப்பாடு. லேவியரின் பங்கு அவர் விழித்திருப்பதைப் பொறுத்ததல்ல.

புதிய ஏற்பாட்டில் இதற்கு இணையானது தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம். 60 வயதுக்குக் குறையாத விதவைகளின் பெயரைச் சபையின் பட்டியலில் சேர்க்கும்படி அது சொல்கிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முதலில் தம் பெற்றோரைத் தாங்கட்டும், தாங்க ஆளில்லாதவரைச் சபை தாங்கட்டும் என்பது ஏற்பாடு. நற்சாட்சி, பிள்ளை வளர்ப்பு, உபசரிப்பு என நிபந்தனைகள் அடுக்கப்படுவது நெருடுகிறது; பசிக்கு நன்னடத்தைச் சான்று கேட்கும் பழக்கம் சபைக்கு அப்போதே தொடங்கிவிட்டது போலும். ஆனாலும் பெயர் எழுதிய ஒரு பட்டியல் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கையாக்கித் தப்பிப்பவர்களை இயேசு கண்டித்ததும் இதே திசையில்தான். புதிய ஆலயக் கட்டட நிதியின் கல்வெட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பகுதி நினைவுக்கு வருவதுண்டு.

6. தொற்காளும் பேதுருவும்

ஆடை தைத்தவர் ஒருவர் அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறார். யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் என்ற தொற்காள் இறந்தபோது, அவள் தங்களுக்குச் செய்துகொடுத்த உடைகளை விதவைகள் காட்டி அழுதார்கள். பல சபைகளில் பெண்களின் தையல் குழுவுக்கு அவள் பெயர்தான். பனியன் நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி உண்டா என்று தோன்றும். தைத்தவளுக்கு உடுத்துபவளைத் தெரியும் என்பதே அந்தக் கதையின் உயிர். திருப்பூர் டெய்லருக்கு, தன் கையில் ஓடிய லட்சக்கணக்கான பீஸ்களில் ஒன்றை உடுத்தியவரின் முகம் தெரியாது. பேரக்குழந்தைக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு சட்டை தைப்பது அவருக்குப் புதிய மகிழ்ச்சியாகலாம். ஆனால் முப்பதாண்டு மெஷின் முன் வளைந்த முதுகை மறுபடியும் தையலுக்கே அழைப்பது எல்லோருக்கும் ஆகாது. விருப்பமுள்ளவருக்கு அது வரம், மற்றவருக்குச் சம்பளமில்லாத இன்னொரு ஷிப்ட்.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மகளோ மருமகளோ ஒன்றரை ஷிப்ட் போய்வர முடிவது வீட்டில் ஒரு பாட்டி இருப்பதால்தான். சமையல், தண்ணீர் பிடிப்பது, பள்ளிக்கு அனுப்புவது, காய்ச்சல் பிள்ளையை இ.எஸ்.ஐ.க்குத் தூக்கிப்போவது எல்லாம் அவர் கையில். ஏற்றுமதிக் கணக்கில் வராத அந்த உழைப்பில்லாமல் ஷிப்மென்ட் நேரத்துக்குப் போகாது. அவரிடம் போய் ஓய்வுக்காலத்தில் பயனுள்ளதாக ஏதாவது செய்யுங்கள் என்று சொல்வது சற்றே கூச்சமில்லாத செயல். அவருக்கு வேண்டியது ஓய்வுநாள். ஓய்வுநாள் கட்டளைக்கு யாத்திராகமம் படைப்பைக் காரணம் காட்டுகிறது. உபாகமமோ எகிப்தின் அடிமைத்தனத்தைக் காரணம் காட்டுகிறது. ஓய முடியாதவனாக இருந்தாய், ஆகையால் ஓய்ந்திரு என்ற அந்த இரண்டாவது காரணம் ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஞாயிறையும் இழக்கும் ஊருக்கு நேராகப் பேசுகிறது.

எதுவுமே செய்ய முடியாத நிலை வரும்போது என்ன? யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் உயிர்த்த இயேசு பேதுருவிடம், முதிர்வயதில் வேறொருவன் உன் அரையைக் கட்டி நீ விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்ற கருத்தில் பேசுகிறார். நற்செய்தியாளர் அதைப் பேதுருவின் மரணவகையாக விளக்குகிறார்; முதுமையின் விவரிப்பாகவும் அது கச்சிதமாக இருக்கிறது. ஆங்கிலிக்கன் குரு டபிள்யூ. எச். வேன்ஸ்டோன் 1982-இல் எழுதிய நூல் இந்த இடத்தில் உதவும். கெத்செமனே வரை இயேசு செயல்படுகிறார். பிடித்துக்கொடுக்கப்பட்ட பிறகு அவருக்குப் பிறர் செய்வதே நடக்கிறது. மீட்பு அந்த இரண்டாம் நிலையில்தான் நிறைவேறுகிறது என்று அவர் காட்டுகிறார். வேலையிழந்தோர், நோயாளிகள், ஓய்வுபெற்றோர் ஆகியோரின் காத்திருப்பை அவர் அதோடு இணைக்கிறார். துன்பத்தைப் புனிதப்படுத்தி உரிமைப் பேச்சை அடக்க இது பயன்படும் ஆபத்து உண்டு. மூன்றாம் பிரிவின் கணக்கை முடிக்காமல் வேன்ஸ்டோனைப் பிரசங்கிக்கக்கூடாது. முடித்தபின் பேசினால், படுக்கையில் கிடக்கும் ஒருவரிடம் நேர்மையாகச் சொல்லக்கூடிய கிறிஸ்தவச் சொல் இதுவே என்று நினைக்கிறேன்.

7. சபைகள் செய்யக்கூடியவை

இந்த வட்டாரத்தில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். கருமத்தம்பட்டியின் பழைய கத்தோலிக்கப் பங்கு, லண்டன் மிஷனின் கோவை, ஈரோடு களம், வெஸ்லியன் மெதடிஸ்டுகளின் தாராபுரம் களம், பிற்காலத்தில் வாடகைக் கட்டடங்களில் முளைத்த பெந்தெகொஸ்தே சபைகள், வடமாநிலத் தொழிலாளரின் மாலைநேர ஜெபக்கூட்டங்கள் என வேர்கள் வேறுவேறு. வைப்புநிதியைக் கட்டாத முதலாளியைத் திருத்தும் வலிமை இவற்றுக்கு இல்லை. தொழிற்சங்கங்களே திணறும் வேலை அது. ஆனால் ஒரு பட்டியல் எழுதும் வலிமை உண்டு. ஐம்பதைத் தாண்டிய தொழிலாளிகள் யார், யாருடைய பி.எஃப். எண் செயல்படாமல் கிடக்கிறது, பதிவிலேயே இல்லாத டெய்லர்களில் தையல் தொழிலாளர் நல வாரியத்தில் 60 வயதுக்குள் சேர்க்கவேண்டியவர் யார் என்று ஒவ்வொரு சபையும் கணக்கெடுக்கலாம். பென்ஷன் வாங்கும் வங்கி மேலாளருக்கும் ஆசிரியருக்கும் ஓய்வுக்கால நோக்கம் வேண்டுமென்றால், இந்தப் படிவங்களை நிரப்பித்தருவதைவிடச் சிறந்த ஊழியம் அருகில் இல்லை.

ஊர் திரும்புகிறவருக்குப் புதிய சபைக்கு ஒரு கடிதத்தோடு, அங்கே தெரிந்த ஒருவரின் பெயரும் கொடுத்தனுப்பலாம். வீட்டுக் கூட்டத்தில் அவர்கள் சாட்சி சொல்ல நேரம் ஒதுக்கலாம்; 1984 வேலைநிறுத்தத்தையும் 2011 மூடலையும் நேரில் பார்த்தவர்களின் நினைவு எந்தச் சபை மலரிலும் இன்னும் சரியாக ஏறவில்லை. இவையெல்லாம் அவர்கள் இடத்தில் நிற்க உதவும், சுமை ஏற்றாது.

இதைப் படிப்பவர் சபையின் வாக்காளர் பட்டியலில் இருப்பவரானால், அடுத்த சேகரக் குழுத் தேர்தலில் பவர் டேபிளிலிருந்து எழுந்த ஒருவரின் பெயரை முன்மொழியுங்கள். அவர் வேண்டாம் என்று கூச்சப்படுவார். இரண்டாம் முறையும் கேளுங்கள்.